உடற்பால் வேறு, பாலினம் வேறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆசிரியர் பயிற்சி வகுப்புகளிலும் கிராம சுகாதாரச் செவிலியர்களின் கூட்டங்களிலும் நான் பேசுவது வழக்கம். வளர்ந்த பிள்ளைகளின் பெற்றோரும் தனியாக வந்து கேட்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை. உங்களுக்கு அவசரமான கேள்விக்கு நேராகப் போகலாம்.

உடற்பால் என்றால் என்ன, பாலினம் என்றால் என்ன?

உடற்பால் என்பது உடம்பைப் பற்றியது. குரோமோசோம், விரை அல்லது சினைப்பை, ஹார்மோன்கள், உள்ளும் வெளியும் உள்ள இனப்பெருக்க உறுப்புகள் ஆகியவை சேர்ந்ததுதான் அது.

பாலினம் என்பது அந்த உடம்பை வைத்து ஊரும் வீடும் ஏற்படுத்திய வாழ்க்கை முறை. யார் என்ன உடுத்துவது, யார் எந்த வேலைக்குப் போவது, யார் முதலில் சாப்பிடுவது, யார் இருட்டிய பிறகு வெளியே நிற்கலாம் என்பதெல்லாம் இதில் அடங்கும். "நான் ஆண்", "நான் பெண்", "இரண்டும் எனக்குப் பொருந்தவில்லை" என்று ஒருவர் தன்னை உள்ளுக்குள் உணர்வதைப் பாலின அடையாளம் என்கிறோம்.

பேச்சிலும் அரசுப் படிவங்களிலும் பாலினம் என்ற சொல்லே இரண்டுக்கும் புழங்குகிறது. இந்தப் பக்கத்தில் மட்டும் இரண்டையும் பிரித்தே எழுதுகிறேன்.

வயிற்றில் இருக்கும் குழந்தை ஆணாவதும் பெண்ணாவதும் எப்படி?

கருத்தரித்து ஆறு வாரம் வரை எல்லாக் கருவும் ஒரே மாதிரிதான் இருக்கும். விரையாகவும் சினைப்பையாகவும் மாறக்கூடிய ஒரே திசுதான் அப்போது இருக்கிறது. உள்ளே இரண்டு ஜோடிக் குழாய்களும் இருக்கும். ஒரு ஜோடி ஆண் உறுப்புகளாக வளரக்கூடியது, இன்னொன்று கருப்பையாகவும் கருக்குழாய்களாகவும் வளரக்கூடியது.

ஒய் குரோமோசோமில் எஸ்ஆர்ஒய் என்றொரு மரபணு இருக்கிறது. 1990-ல் அடையாளம் காணப்பட்டது. ஏழாவது வாரத்தை ஒட்டி அது வேலையைத் தொடங்கினால் அந்தத் திசு விரையாக மாறும். விரையிலிருந்து இரண்டு உத்தரவுகள் போகும். ஒரு ஹார்மோன் கருப்பையாக வேண்டிய குழாயைக் கரைத்துவிடும். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் மற்ற ஜோடியை வளர்க்கும். அந்த டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உண்டாகும் இன்னொரு ஹார்மோன் வெளி உறுப்பை ஆணுறுப்பாக்கும். எஸ்ஆர்ஒய் இல்லாத கருவில், வேறு மரபணுக்களின் வேலையால் சினைப்பையும் கருப்பையும் உருவாகும்.

இதை இவ்வளவு விவரமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. வேலை பல படிகளில் நடக்கிறது. ஏதாவது ஒரு படி வேறு விதமாகப் போனால் உடம்பும் வேறு விதமாக அமையும்.

எக்ஸ்எக்ஸ் என்றால் பெண், எக்ஸ்ஒய் என்றால் ஆண். பள்ளியில் அப்படித்தானே படித்தோம்?

மிகப் பெரும்பாலானோருக்கு அது சரி. எல்லோருக்கும் அல்ல.

சிலருக்கு எக்ஸ்ஒய் குரோமோசோமும் உள்ளே விரையும் இருக்கும், டெஸ்டோஸ்டிரோனும் சுரக்கும், ஆனால் உடலின் செல்கள் அந்த ஹார்மோனைக் கண்டுகொள்ளாது. அப்படிப்பட்டவர் பெண் குழந்தையாகப் பிறந்து, பெண்ணாக வளர்ந்து, மார்பும் வளரும். மாதவிடாய் மட்டும் வராது. பதினைந்து பதினாறு வயதில் ஸ்கேன் எடுக்கும்போதுதான் கருப்பை இல்லை என்று தெரியவரும். இதை முழுமையான ஆண்ட்ரோஜன் (ஆண் ஹார்மோன்) உணர்வின்மை என்பார்கள்.

டொமினிக்கன் குடியரசில் சாலினாஸ் என்ற ஊரில் வேறொரு நிலை பல குடும்பங்களில் வந்தது. டெஸ்டோஸ்டிரோனை அடுத்த ஹார்மோனாக மாற்றும் நொதி அவர்களுக்குக் குறைவு. பிறக்கும்போது பெண் குழந்தை போல இருந்தவர்களுக்குப் பருவ வயதில் குரல் உடைந்து ஆணுறுப்பு வளர்ந்தது. 1970-களில் மருத்துவர்கள் இதை ஆராய்ந்து எழுதினார்கள். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அதன்பின் ஆணாகவே வாழ்ந்தார்கள்.

ஒரே ஒரு எக்ஸ் மட்டும் உள்ள டர்னர் நிலை ஏறக்குறைய 2,500 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு வரும். ஆண்களுக்கு ஒரு எக்ஸ் கூடுதலாக இருக்கும் கிளைன்ஃபெல்டர் நிலை இன்னும் அதிகம். குழந்தை இல்லை என்று பரிசோதனைக்குப் போகும்வரை பலருக்கு அது தெரிவதே இல்லை.

அப்படியானால் ஆண், பெண் என்ற இரண்டு பால் என்பதே தவறா?

தவறு இல்லை. மனித இனப்பெருக்கத்தில் இரண்டே வகைச் செல்கள்: கருமுட்டை, விந்தணு. மூன்றாவது வகை கிடையாது. அந்த அளவில் உடற்பால் இரண்டு என்பது உறுதியான அறிவியல். அதை மறுத்துப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் "இரண்டு பாதைகள் உண்டு" என்பதிலிருந்து "ஒவ்வொரு உடம்பும் ஏதாவது ஒரு பாதையில் முழுசாகப் போயே தீரும்" என்று முடிவு கட்டக் கூடாது. முந்தைய கேள்வியில் சொன்னவர்கள் கற்பனை மனிதர்கள் இல்லை. அப்படிப்பட்டவர்களின் உடலமைப்பை ஊடுபால் என்கிறோம். எத்தனை பேர் என்பதில் பெரிய சண்டையே நடக்கிறது. நூற்றுக்கு 1.7 என்று ஒரு கணக்கு, 0.018 என்று இன்னொரு கணக்கு. கிளைன்ஃபெல்டர், டர்னர், வளர்ந்த பின் தெரியவரும் லேசான அட்ரினல் (சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பி) கோளாறு எல்லாவற்றையும் சேர்த்தால் முதல் எண் வரும். பிறப்புறுப்பைப் பார்த்து வகைப்படுத்த முடியாதவர்களையும், குரோமோசோமும் உடல் தோற்றமும் ஒத்துப்போகாதவர்களையும் மட்டும் எண்ணினால் இரண்டாவது. எந்தக் கணக்கைக் கேட்டாலும், எதையெல்லாம் சேர்த்து எண்ணினார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இயற்கையில் பால் தீர்மானமாவதும் ஒரே வழியில் அல்ல. குளிர்காலம் முடியும் நேரத்தில் சென்னைக் கடற்கரைக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு எக்ஸும் இல்லை, ஒய்யும் இல்லை. முட்டை கிடக்கும் மணல் சூடாக இருந்தால் பெண், குளிர்ச்சியாக இருந்தால் ஆண்.

பாலினம் எந்த வயதில் தொடங்குகிறது?

பிறப்பதற்கு முன்பே. ஸ்கேன் மையங்களின் சுவரைப் பாருங்கள். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்பட மாட்டாது, சொல்வது தண்டனைக்குரிய குற்றம் என்று பலகை மாட்டியிருக்கும். 1994-ல் வந்த சட்டம் அது. உடற்பால் ஒரு மருத்துவத் தகவல்தான். அதைச் சொல்லக் கூடாது என்று சட்டம் போட வேண்டிய நிலை ஏன் வந்தது? அந்தத் தகவலோடு நம் வீடுகள் வரதட்சணையையும் நகையையும் "கொள்ளி வைக்க யார்" என்ற கவலையையும் சேர்த்தே கேட்டன. பிறந்த பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்தது. அந்தச் சிசுவின் உடம்பில் எந்தக் குறையும் இல்லை. அதைப் பெற்றவர்கள் பயந்தது, பெண் என்ற சொல்லோடு சமூகம் கட்டிவிட்ட செலவுக்கும் ஏச்சுக்கும்தான்.

பாலினம் என்பது படித்தவர்கள் பேசும் வெட்டிப் பேச்சு என்று யாராவது சொன்னால், எனக்கு அந்தத் தொட்டில்தான் நினைவுக்கு வரும்.

ஆணுக்கு ஒரு வேலை, பெண்ணுக்கு ஒரு வேலை என்பது இயற்கை வகுத்ததுதானே?

சிலது இயற்கை. பிள்ளை பெறுவதும் தாய்ப்பால் கொடுப்பதும் உடம்பின் வேலை. மற்றவற்றில் பெரும்பாலானவை பழக்கம்.

எங்கள் டெல்டா பக்கம் உழுவது ஆண் வேலை, நாற்று நடுவதும் களை பறிப்பதும் பெண் வேலை. நடவு வயலில் ஒரு நாள் நின்று பாருங்கள். முழங்கால் சேற்றில், குனிந்த இடுப்பு நிமிராமல், பின்னால் நகர்ந்துகொண்டே விடிகாலையிலிருந்து மதியம் தாண்டி நடுகிறார்கள். சேற்றுப்புண்ணும் இடுப்பு வலியும் அவர்கள் கூடவே வீட்டுக்கு வரும். இதற்குப் பெயர் "லேசான வேலை", கூலியும் ஆண் கூலியைவிடக் குறைவு. நடவு இயந்திரம் வந்தபோது அதன் இருக்கையில் போய் உட்கார்ந்தது யார்? பெரும்பாலும் ஆண்கள். குனிய வேண்டியிருந்த வரை பெண் வேலையாக இருந்தது, உட்கார்ந்து செய்யலாம் என்றானதும் ஆண் வேலையாகிவிட்டது. இதில் குரோமோசோம் எங்கே வந்தது?

முடியையும் காதையும் பாருங்கள். நூறு வருஷத்துக்கு முன் தமிழ் ஆண்கள் குடுமி வைத்து, காதில் கடுக்கன் போட்டிருந்தார்கள். யாரும் அவர்களைப் பெண் தன்மை உள்ளவர்கள் என்று சொல்லவில்லை. இன்று ஒரு பையன் முடி வளர்த்துக் காதில் கம்மல் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனால் "பொம்பளை மாதிரி" என்று வாசலிலேயே நிறுத்துகிறார்கள். அவனுக்கும் கைக்குழந்தையாக இருந்தபோது தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்தியிருப்பார்கள்.

படிப்பும் அப்படித்தான். முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் சேர முயன்றபோது, ஆண்கள் படிக்கும் இடத்தில் பெண்ணா என்று எதிர்ப்பு வந்தது. மன்னர் அனுமதித்ததால் சேர்ந்தார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போய் 1912-ல் மருத்துவரானார். இன்று மருத்துவக் கல்லூரி வகுப்பறைகளை எட்டிப் பாருங்கள், பெண்கள் நிறைந்திருக்கிறார்கள். இந்த நூறு வருஷத்தில் பெண்ணின் உடம்பு மாறவில்லை. மாறியது பாலினம்.

ஒரு பிரச்சினையில் எது உடல், எது சமூகம் என்று எப்படிப் பிரிப்பது?

இரத்தசோகையை எடுத்துக்கொள்வோம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை, ஆண்களில் 25 சதவீதம்.

முதல் காரணம் உடல். மாதவிடாயில் மாதாமாதம் இரும்புச்சத்து போகிறது, கர்ப்பத்திலும் பிரசவத்திலும் இன்னும் போகிறது. இரண்டாவது காரணம் சோற்றுப் பானை. வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு அம்மா உட்காரும்போது குழம்பில் துண்டு இருக்காது. முட்டை ஒன்றுதான் இருந்தால் அது பையன் தட்டுக்குப் போகும். சோர்வாக இருக்கிறது என்று சொன்னால் "பொம்பளைங்களுக்கு இது சகஜம்" என்று பதில் வரும். ஆஸ்பத்திரிக்குப் போக யாராவது கூட வர வேண்டும்.

இரும்புச்சத்து மாத்திரை முதல் காரணத்துக்கு மருந்து. இரண்டாவதற்கு மாத்திரை கிடையாது. உடலை மட்டும் பார்க்கும் செவிலியர் மாத்திரை கொடுத்துவிட்டு "ரத்த அளவு ஏன் ஏறவே மாட்டேன் என்கிறது" என்று குழம்புவார். சமூகத்தை மட்டும் பார்ப்பவர் பேசிவிட்டு மாத்திரையை மறந்துபோவார். இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கத் தெரிந்தவர்தான் அந்தப் பெண்ணிடம் "நீங்க எப்போ சாப்பிடுவீங்கக்கா?" என்று கேட்பார். வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

வளர்க்கிற விதத்தில் வளர்த்தால் யாரையும் ஆணாகவோ பெண்ணாகவோ ஆக்கிவிடலாமா?

அப்படி நம்பிச் செய்தார்கள். கனடாவின் வின்னிபெக் நகரில் 1965-ல் இரட்டை ஆண் குழந்தைகள் பிறந்தன. அடுத்த வருஷம் முன்தோல் நீக்கும்போது நேர்ந்த விபத்தில் ஒரு குழந்தையின் ஆணுறுப்பு கருகிப்போனது. பதறிப்போன பெற்றோர், பால்டிமோரில் இருந்த உளவியலாளர் ஜான் மணியிடம் போனார்கள். பாலின அடையாளம் வளர்ப்பில்தான் வருகிறது, பெண்ணாக வளர்த்துவிடுங்கள் என்றார் அவர். அறுவை சிகிச்சை செய்து, பெண் பெயர் வைத்து, பாவாடை போட்டு வளர்த்தார்கள். வெற்றி என்று மருத்துவ உலகில் பேசப்பட்டது. அந்தக் குழந்தைக்கோ ஒரு நாளும் அது பொருந்தவில்லை. 14 வயதில் தந்தை உண்மையைச் சொன்னதும் டேவிட் என்று பெயர் வைத்துக்கொண்டு ஆணாக வாழத் தொடங்கினார். 1997-ல்தான் உண்மை மருத்துவ இதழில் வெளிவந்தது. 2004-ல், 38 வயதில், அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

இந்த வரலாற்றைச் சிலர் "பார்த்தீர்களா, உடம்புதான் எல்லாம்" என்று சொல்லப் பயன்படுத்துகிறார்கள். எனக்கு அதில் தெரிவது வேறு. ஒரு குழந்தை தன்னை ஆணாக உணர்ந்தது. சுற்றியிருந்த பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்து வருஷக்கணக்கில் "நீ பெண்" என்று சொல்லியும் அந்த உணர்வை அழிக்க முடியவில்லை. திருநங்கைகள் விஷயத்திலும் வீடுகள் இதையேதான் செய்கின்றன. அடித்து, பட்டினி போட்டு, கோயிலுக்கு அழைத்துப் போய் மந்திரித்து, "நீ ஆம்பளை" என்று சொல்லிச் சொல்லிப் பார்க்கிறார்கள். அதுவும் பலிப்பதில்லை, அதே காரணத்தால்.

ஊடுபால், திருநங்கை, திருநம்பி எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. ஊடுபால் என்பது உடற்பால் சம்பந்தப்பட்டது: பிறப்பிலேயே உடலமைப்பு வேறுபட்டிருக்கும். அவர்களில் பலர் சாதாரணமாக ஆணாகவோ பெண்ணாகவோ வாழ்கிறார்கள், தங்கள் அடையாளத்தில் எந்தக் குழப்பமும் இல்லாமல்.

திருநங்கை என்பவர் பிறப்பில் ஆண் என்று பதிவாகி, தன்னைப் பெண்ணாக உணர்ந்து வாழ்பவர். திருநம்பி பெண் என்று பதிவாகி ஆணாக வாழ்பவர். பெரும்பாலும் இவர்களின் குரோமோசோமிலோ உறுப்புகளிலோ மருத்துவர் குறிப்பிட்டுச் சொல்லும் வேறுபாடு எதுவும் இருக்காது. "டெஸ்ட் பண்ணிப் பார்த்தோம், எல்லாம் நார்மல், அப்புறம் ஏன் இப்படிப் பேசுகிறான்" என்று பெற்றோர் கேட்பது இதனால்தான். டெஸ்ட் பார்த்தது உடற்பாலை. பிள்ளை பேசுவது பாலின அடையாளத்தைப் பற்றி.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் அல்லாத "பிறர்" என்று பதிவானவர்கள் இந்தியாவில் 4,87,803 பேர், தமிழ்நாட்டில் 22,364 பேர். வீட்டுக்குத் தெரியாமல் இருப்பவர்கள் கணக்கெடுப்பவரிடம் சொல்லியிருக்கப் போவதில்லை. அதை மனதில் வைத்து இந்த எண்களைப் படியுங்கள்.

திருநங்கையாகவோ திருநம்பியாகவோ இருப்பது மனநோயா?

இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்று 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில், பாலினப் பொருந்தாமையை (பிறப்பில் பதிவான பாலோடு ஒருவரின் உணர்வு பொருந்தாத நிலையை) மனநோய்ப் பகுதியிலிருந்து எடுத்துவிட்டார்கள். மருத்துவ உதவி தேவைப்படுபவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காகப் பட்டியலின் வேறு பகுதியில் வைத்திருக்கிறார்கள். மனச்சோர்வும் பதற்றமும் இவர்களிடம் அதிகம் காணப்படுவது உண்மை. வீட்டைவிட்டு துரத்தப்பட்ட எந்தப் பிள்ளைக்கும் அவை வரும்.

தன்பால் ஈர்ப்பும் இதுவும் ஒன்றா?

யாரை விரும்புகிறோம் என்பது மூன்றாவது கேள்வி. உடற்பால், பாலினம் இரண்டிலிருந்தும் அது தனி. பெண்ணை விரும்பும் பெண் தன்னைப் பெண்ணாகவே உணர்கிறார்.

பிறந்த குழந்தையைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியவில்லை. என்ன செய்வது?

இந்தக் கேள்வியில் ஒன்று அவசரம், ஒன்று அவசரமே இல்லை. குடும்பங்கள் அதைத் தலைகீழாகச் செய்துவிடுகின்றன.

அவசரமானது இரத்தப் பரிசோதனை. இப்படிப் பிறக்கும் எக்ஸ்எக்ஸ் குழந்தைகளில் முக்கியமான காரணம் அட்ரினல் சுரப்பியின் பிறவிக் கோளாறு. ஏறக்குறைய 15,000 குழந்தைகளில் ஒருவருக்கு வரும். அந்தச் சுரப்பி கார்ட்டிசால் போதுமான அளவு செய்யாமல், ஆண்தன்மை தரும் ஹார்மோனை அளவுக்கு மீறிச் செய்கிறது. வெளி உறுப்பு தடித்து ஆணுறுப்பு போலத் தெரியலாம். உள்ளே கருப்பையும் சினைப்பையும் ஒழுங்காக இருக்கும். ஆபத்து உறுப்பின் தோற்றத்தில் இல்லை. இந்த நோயின் கடுமையான வகையில் உடம்பிலிருந்து உப்பு வெளியேறிக்கொண்டே இருக்கும். முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் குழந்தை பால் குடிக்காமல், வாந்தி எடுத்து, எடை ஏறாமல் துவண்டுபோகும். கவனிக்காவிட்டால் உயிர் போய்விடும். சோடியம், பொட்டாசியம், 17-ஓஎச்பி என்ற ஹார்மோன் அளவு, ஸ்கேன், குரோமோசோம் பரிசோதனை ஆகியவற்றை உடனே பார்க்கச் சொல்லுங்கள். மருந்து கொடுத்தால் குழந்தை நன்றாக வளரும். இதே கோளாறு ஆண் குழந்தைக்கும் வரும். அவர்களுக்கு வெளி உறுப்பில் ஒன்றும் தெரியாது என்பதால் கோட்டைவிடும் வாய்ப்பு அதிகம்.

அவசரமில்லாதது உறுப்பை "சரி செய்யும்" அறுவை சிகிச்சை. சிறுநீர் போகத் தடை போன்ற உயிர்ப் பிரச்சினை இருந்தால் ஒழிய, பார்வைக்கு ஒழுங்காக இருக்கட்டும் என்று குழந்தையின் உடம்பில் கத்தி வைக்கக் கூடாது. 2019 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் கொடுத்த தீர்ப்பு இதைத் தெளிவாகச் சொன்னது: பெற்றோரின் சம்மதம் குழந்தையின் சம்மதம் ஆகாது. அதே வருஷம் ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர, குழந்தைகளுக்கு இந்த அறுவை சிகிச்சையைத் தடை செய்து ஆணை போட்டது. இந்தியாவில் முதன்முதலாக.

சொந்தக்காரர்கள் "என்ன குழந்தை" என்று போனில் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். "குழந்தை நல்லா இருக்கு, சில டெஸ்ட் பாக்கி இருக்கு, டாக்டர் சொன்னதும் சொல்றோம்" என்று சொன்னால் போதும். பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். பெயரைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம், ஒரு வருஷம் வரை கட்டணம் இல்லை.

என் பையன் பொம்மை வைத்து விளையாடுகிறான், அக்காவின் துப்பட்டாவைச் சுற்றிக்கொள்கிறான். அவன் திருநங்கையாகிவிடுவானா?

பொம்மையும் துப்பட்டாவும் யாரையும் எதுவாகவும் ஆக்காது. சிறு குழந்தைகளுக்கு எல்லாமே விளையாட்டு. இப்படி விளையாடும் பிள்ளைகளில் பலர் வளர்ந்து ஆண்களாகவே வாழ்கிறார்கள். சிலர் பின்னால் வேறு விதமாகத் தங்களை உணரலாம். எதுவானாலும் அடித்துத் திருத்த இதில் ஒன்றும் இல்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பருவ வயதில் பல பையன்களுக்கு மார்பு கொஞ்சம் வீங்கும். ஹார்மோன் ஏற்ற இறக்கத்தால் வருவது, பெரும்பாலும் ஓரிரு வருஷத்தில் தானாக அடங்கும். அதை வைத்துப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதால் சட்டையைக் கழற்ற பயந்து, விளையாட்டையே விட்ட பிள்ளைகள் உண்டு. ஆசிரியர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள். பெண்ணுக்குப் பதினைந்து வயது முடிந்தும் மாதவிடாய் வரவில்லை என்றால் ஒரு தடவை மருத்துவரிடம் காட்டுங்கள். மிரட்சி வேண்டாம்.

விளையாட்டுப் போட்டிகளில் ஏன் இவ்வளவு தகராறு?

ஓட்டப் பந்தயத்தில் பெண்கள் பிரிவு இருப்பதே உடம்பின் காரணமாகத்தான். பருவமடைந்த பிறகு உச்சநிலை வீரர்களுக்கும் வீராங்கனைகளுக்கும் ஓட்டத்தில் 10 சதவீதத்துக்கு மேல் இடைவெளி இருக்கிறது. ஆகவே விளையாட்டில் கேட்கப்படுவது நியாயமாகவே உடற்பால் பற்றிய கேள்வி. அதை மறைத்துப் பேசுவதில் பயன் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்ட விதம்தான் எனக்குக் கோபத்தைத் தருகிறது.

ஸ்பெயினின் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்த்தினெஸ் பத்தீன்யோ 1985-ல் ஜப்பானின் கோபே நகருக்குப் போனார். குரோமோசோம் பரிசோதனையில் எக்ஸ்ஒய் என்று வந்தது. அவருக்கு இருந்தது ஆண்ட்ரோஜன் உணர்வின்மை. டெஸ்டோஸ்டிரோன் அவர் தசையில் வேலையே செய்யவில்லை, அதனால் அவருக்கு எந்த ஆதாயமும் இல்லை. பட்டங்களைப் பறித்தார்கள், உதவித்தொகையை நிறுத்தினார்கள், செய்தி வெளியே கசிந்தது. போராடி 1988-ல் தகுதியைத் திரும்பப் பெற்றார்.

நம் சாந்தி சவுந்தரராஜனுக்கு அந்தத் தகுதிகூடத் திரும்ப வரவில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் செங்கல் சூளைக் கூலிகளின் மகள். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பரிசோதனை என்று அழைத்துப் போனார்கள், பதக்கத்தைப் பறித்தார்கள், நாடே தொலைக்காட்சியில் அவர் உடம்பைப் பற்றிப் பேசியது. அவர் யாரையும் ஏமாற்றவில்லை. பெண்ணாகப் பிறந்து பெண்ணாகவே வளர்ந்தவர். பிறகு அவரும் செங்கல் சூளையில் வேலை செய்தார். படித்து, பயிற்சியாளர் பட்டயம் பெற்று, 2016-ல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளரானார். ஒடிசாவின் ஓட்ட வீராங்கனை டூட்டி சந்த், உடலில் டெஸ்டோஸ்டிரோன் அதிகம் என்று 2014-ல் அணியிலிருந்து நீக்கப்பட்டபோது வழக்குப் போட்டார். 2015-ல் விளையாட்டு நடுவர் மன்றம் அந்த ஹார்மோன் விதியையே நிறுத்தி வைத்தது. உலகத் தடகள அமைப்பு 2025 செப்டம்பர் முதல் பெண்கள் பிரிவில் போட்டியிட எஸ்ஆர்ஒய் மரபணுப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

விதி எதுவாக இருந்தாலும் பரிசோதனைக்கு முன் அந்தப் பெண்ணிடம் அவருடைய மொழியில் விளக்க வேண்டும், முடிவு அவருக்கு மட்டும் தெரிய வேண்டும், கூடவே ஒரு மருத்துவரும் ஆலோசகரும் இருக்க வேண்டும். ஒரு விளையாட்டு அமைப்புக்கு இதைச் செய்ய முடியாதா என்ன?

சட்டம் எதைப் பார்க்கிறது, உடம்பையா உணர்வையா?

2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் நல்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) தொடுத்த வழக்கில், பாலின அடையாளத்தைத் தீர்மானிக்கும் உரிமை அந்த நபருக்கே என்றும், அதற்கு அறுவை சிகிச்சையை நிபந்தனையாக்குவது சட்டவிரோதம் என்றும் சொன்னது. முன்பு குறிப்பிட்ட 2019 மதுரைத் தீர்ப்பு ஒரு திருமணப் பதிவு வழக்கில் வந்தது. தூத்துக்குடி கோயிலில் நடந்த கல்யாணத்தைப் பதிவு செய்ய அதிகாரிகள் மறுத்தார்கள், மணப்பெண் திருநங்கை என்பதால். இந்து திருமணச் சட்டத்தில் வரும் மணப்பெண் என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

2019-ல் நாடாளுமன்றம் திருநர்களுக்கு (திருநங்கை, திருநம்பி உள்ளிட்டோருக்கு) தனிச் சட்டம் கொண்டுவந்தது. நிறைவேறியபோது அதில் மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பித்துத் திருநர் சான்று வாங்க வழி இருந்தது. ஆண் அல்லது பெண் என்று மாற்றிச் சான்று வாங்க அறுவை சிகிச்சை கேட்கப்பட்டது. நல்சா தீர்ப்பிலிருந்து இது பின்வாங்கல் என்று திருநர் சமூகம் அப்போதே எதிர்த்தது, அந்த எதிர்ப்பு நியாயமானது. சட்டமும் விதியும் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் முன் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இப்போதைய நடைமுறையைக் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2008-லேயே திருநங்கைகள் நல வாரியம் அமைந்துவிட்டது. வாரிய அட்டை இருந்தால் பல உதவிகளுக்கு வழி சுலபம்.

மருத்துவமனைப் படிவத்தில் எதை எழுதுவது?

இரண்டையும் கேட்பதுதான் சரி. பிறப்பில் பதிவான பால் என்ன, இப்போது எந்தப் பாலினத்தில் வாழ்கிறார் என்று இரண்டு கட்டம் இருக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் ஒரு கட்டம்தான் இருக்கிறது.

உடற்பால் மருத்துவத்துக்கு நிஜமாகவே தேவை. சோல்பிடெம் என்ற தூக்க மருந்து பெண்கள் உடம்பில் மெதுவாகக் கழிவதால், 2013-ல் அமெரிக்காவில் பெண்களுக்கான அளவைப் பாதியாகக் குறைத்தார்கள். இரத்தசோகைக்கான ஹீமோகுளோபின் வரம்பே ஒரு டெசிலிட்டர் இரத்தத்துக்குப் பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13 கிராம். வயதான திருநங்கைக்கு, பிறப்புறுப்பு அறுவை சிகிச்சை ஆகியிருந்தாலும், புராஸ்டேட் சுரப்பி உள்ளேதான் இருக்கும். சிறுநீர் கோளாறு என்று வந்தால் அதைப் பார்க்க வேண்டும். கருப்பை எடுக்காத திருநம்பிக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை தேவை. எக்ஸ்ரே எடுக்கும்முன் கர்ப்ப வாய்ப்பையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஹார்மோன் எடுக்கிறார்களா, எவ்வளவு நாளாக என்பதும் மருத்துவருக்குத் தெரிய வேண்டும்.

இதெல்லாம் மருத்துவரின் அறைக்குள் கேட்க வேண்டியவை. வரிசையில் நிற்கும்போது அல்ல. எந்த வார்டு என்று நோயாளியிடமே கேளுங்கள். அட்டையில் இருக்கும் பழைய பெயரை ஹாலில் நின்று உரக்கக் கூப்பிட்டால், பாதிப் பேர் எழுந்து வாசல் பக்கம் போய்விடுவார்கள். டோக்கன் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டால் வந்து உட்காருவார்கள்.